தூக்கத்தைத் திருடும் ‘ஐஸ்’: குடும்பங்கள் அறிய வேண்டியவை





போதை என்றதும் நம் நினைவுக்கு வருவது தள்ளாடி நடப்பவனும் சாராய வாடையும்தான். கஞ்சா என்றால் சிவந்த கண்களும் மந்தமான பேச்சும். இந்த அடையாளங்களை வைத்துத்தான் நம் வீடுகளில் பிள்ளைகளைக் கவனித்து வருகிறோம். ஆனால், இப்போது இளைஞர்களிடம் புழங்கும் ஒரு போதைப்பொருள் இதற்கு நேர்மாறானது. சாராய வாடை இருக்காது, தள்ளாட்டமும் இருக்காது. பிள்ளை வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக இருப்பான். கலகலவென்று பேசுவான். இரவு முழுவதும் விழித்திருந்து, “படிக்கிறேன்”, “வேலை இருக்கிறது” என்பான். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று மகிழும் பெற்றோரும் உண்டு.

அதன் பெயர் மெத்தம்பெட்டமைன். கண்ணாடிச் சில்லு போலப் பளபளப்பதால் ‘ஐஸ்’, ‘கிரிஸ்டல்’ என்கிறார்கள். ‘மெத்’ என்றும் சுருக்கமாகச் சொல்வதுண்டு. கொக்கெய்ன், ஆம்பெட்டமைன் போலவே இதுவும் நரம்புகளைத் தூண்டிவிடும் வகையைச் சேர்ந்தது. இது உடலையும் மனதையும் என்ன செய்கிறது, வீட்டில் உள்ளவர்கள் எப்போது, எப்படித் தலையிட வேண்டும் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது?

இது நேற்று முளைத்த பொருளல்ல. 1893-ல் ஜப்பானைச் சேர்ந்த நாகாய் நாகயோஷி என்ற வேதியியலாளர் இதை முதன்முதலில் தயாரித்தார். 1919-ல் அதே நாட்டில் இது படிக வடிவிலும் தயாரிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் வீரர்கள் தூங்காமல் இருப்பதற்காக ஜெர்மனியும் ஜப்பானும் இந்த மாத்திரைகளைக் கொடுத்தன. போர் முடிந்த பின் அடிமைப்பழக்கம் பரவியதைக் கண்ட ஜப்பான் 1951-ல் தனிச்சட்டம் போட்டு இதைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

அன்று போர்வீரனிடம் சொன்ன காரணத்தைத்தான் இன்று நம் பிள்ளைகளிடமும் சொல்கிறார்கள். “தூக்கம் வராது, களைப்புத் தெரியாது.” தேர்வுக்குப் படிப்பவனிடம் அப்படி. இரவுப் பணி பார்ப்பவனிடம் அப்படி. உடல் இளைக்க விரும்புகிறவர்களிடம் “பசிக்காது” என்று. முதல் தடவை பெரும்பாலும் நண்பன் கையால்தான் வருகிறது.

மூளையில் நடப்பது என்ன?

நல்ல சாப்பாடு சாப்பிடும்போது, குழந்தை சிரிப்பதைப் பார்க்கும்போது, தேர்வில் தேறும்போது மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சிறிதளவு சுரக்கிறது. மகிழ்ச்சி, ஆர்வம், “இதை மீண்டும் செய்” என்ற உந்துதல் ஆகியவற்றில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

இதைக் கிணற்று ஊற்று போல நினைத்துக்கொள்ளுங்கள். ஊற்று மெல்லச் சுரக்கும். நாம் வாளியால் இறைத்துக்கொள்கிறோம். ஐஸ் என்பது பெரிய மோட்டாரைப் போட்டு ஒரே நேரத்தில் கிணற்றை வற்ற இறைப்பது. சேமிப்பில் இருக்கும் டோபமின் மொத்தமாக வெளியே கொட்டுகிறது. வழக்கமாக அதைத் திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளும் வழியும் அடைபடுகிறது. அதனால்தான் அளவுக்கு மீறிய உற்சாகம். மோட்டார் நின்ற பிறகு கிணற்றில் சேறுதான் மிச்சம். அப்போது பிரியாணியும் ருசிக்காது, பெற்ற பிள்ளையின் முகமும் மகிழ்ச்சி தராது. மீண்டும் அதையே தேடி மனம் ஓடும்.

கொக்கெய்னின் பாதி அளவு சுமார் ஒரு மணி நேரத்திலேயே உடலைவிட்டு நீங்கிவிடும். மெத்தம்பெட்டமைனின் பாதி நீங்குவதற்கே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஒரு தடவை எடுத்தவனின் அன்றைய இரவுத் தூக்கம் போய்விடும். தொடர்ந்து எடுப்பவன் இரண்டு, மூன்று நாட்கள்கூடக் கண் மூடாமல் இருப்பான்.

உடல் படும் பாடு

இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, உடல் சூடு உயர்கிறது. இருபது, முப்பது வயதிலேயே மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடும். நாள்பட்டால் இதயத் தசை பலவீனமாகிறது. உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறினால் தசைகள் சிதைந்து, சிறுநீரகமும் செயலிழந்து, உயிரே போகலாம். நம் ஊர் வெயிலில் இந்த ஆபத்து கூடுதல்.

பசி அடங்கிவிடுவதால் உடல் வற்றுகிறது. வாய் உலர்ந்து, பற்களை நறநறவென்று கடிப்பதால் பற்கள் சொத்தையாகி உடைகின்றன. தோலுக்கடியில் பூச்சி ஊர்வது போன்ற உணர்வு வந்து, சொறிந்து சொறிந்து முகத்திலும் கைகளிலும் புண்கள் உண்டாகின்றன. ஊசி மூலம் எடுப்பவர்களுக்கு, ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் கிருமிகளும் தொற்றலாம். கர்ப்பிணி எடுத்தால் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் ஏற்படும் ஆபத்து உண்டு.

மனம் படும் பாடு

முதலில் உற்சாகம். பிறகு படபடப்பு, எரிச்சல், தொட்டதற்கெல்லாம் கோபம். அடுத்து சந்தேகம். “என்னைப் பின்தொடர்கிறார்கள்”, “போனில் ஒட்டுக் கேட்கிறார்கள்”, “சோற்றில் எதையோ கலந்துவிட்டீர்கள்” என்பான். சன்னலை மூடி வைப்பான். யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பதாகச் சொல்வான். பயத்தால் கத்தியைக்கூடக் கையில் எடுப்பான். மருத்துவர்கள் இதை மனச்சிதைவு போன்ற நிலை என்கிறார்கள். போதையும் பல நாள் தூக்கமின்மையும் சேர்ந்து மூளையில் உண்டாக்கும் கோளாறு இது.

நம் வீடுகளில் பலருக்கு இங்கேதான் குழப்பம் வருகிறது. ஜின் பிடித்திருக்கிறது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, தாயத்துக்கும் தண்ணீர் ஓதவும் ஊர் ஊராக அலைகிறோம். துஆச் செய்வதையும் ஓதுவதையும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மருந்து கொடுத்துக்கொண்டே துஆச் செய்யலாம். பயன்பாட்டை நிறுத்தி உரிய சிகிச்சை கிடைத்தால், பலருக்கு இந்த நிலை சில நாட்களிலோ வாரங்களிலோ தணிகிறது. தொடர்ந்து எடுப்பவர்களில் சிலருக்கு அது நீடித்த மனநோயாகவே தங்கிவிடுவதும் உண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குத்தான் இழப்பு.

கட்டிவைப்பது தீர்வாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடைசெய்கிறது.

நிறுத்திய பிறகு வரும் ஆபத்து

பெற்றோர் அதிகம் அறியாத கட்டம் இது. போதை இறங்கியதும் பிள்ளை ஓரிரு நாட்கள் எழாமல் தூங்குவான். எழுந்ததும் அகோரப் பசியில் சாப்பிடுவான். பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டு கிடப்பான், காரணமின்றி அழுவான். “அத்தா சம்பாதிக்கிறார், இவன் படுத்துக் கிடக்கிறான்” என்று திட்டு விழும் நேரமும் இதுதான். அது சோம்பேறித்தனமல்ல. வற்றிய கிணறு ஊறக் காத்திருக்கும் நேரம். தற்கொலை எண்ணம் தலைதூக்கும் நேரமும் இதுவே. இந்த நாட்களில் அவனைத் தனியாக விடாதீர்கள். குத்திக் காட்டிப் பேசாதீர்கள். “செத்துப்போகலாம் போலிருக்கிறது” என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஓரிரவு, ஈரிரவு தூங்காமல் இருந்துவிட்டு, பிறகு பகலும் இரவும் தூங்குவது. சில வாரங்களில் உடல் வற்றுவது. ஓயாத பேச்சு, தாடை அசைவு, பல் கடிப்பு. விரிந்த கண்மணி. கைகளில் சொறிந்த புண்கள். அறையில் கருகிய அலுமினியத் தாள், சிறு கண்ணாடிக் குழாய், சிறிய பிளாஸ்டிக் பொட்டலங்கள். அடிக்கடி கடன், வீட்டுப் பொருள் காணாமல் போவது, பழைய நண்பர்களைத் தவிர்ப்பது. இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் குற்றவாளியாக்க வேண்டாம். பல சேர்ந்து வந்தால், குறிப்பாகத் தூக்கத்தின் ஒழுங்கு குலைந்தால், அசட்டையாக இருக்க வேண்டாம்.

அவன் போதையிலோ தூக்கமின்றியோ இருக்கும்போது விசாரணை வைக்காதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த பின், யாரிடம் அவனுக்கு அன்பு அதிகமோ அவர் தனியாக அமர்ந்து பேசட்டும். “எவனிடம் வாங்கினாய்?” என்பதைப் பிறகு கேட்கலாம். “உனக்கு உடம்புக்கு என்ன செய்கிறது?” என்று தொடங்குங்கள். வெறி மிகுந்திருந்தால் வாக்குவாதம் வேண்டாம். கூர்மையான பொருட்களை அகற்றுங்கள், சிறு பிள்ளைகளை வேறு இடத்துக்கு அனுப்புங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள்.

நெஞ்சுவலி, வலிப்பு, கொதிக்கும் உடல் சூடு, கை கால் ஒரு பக்கம் இழுப்பது, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். என்ன எடுத்தான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் சிகிச்சை தவறிப்போகும்.

சிகிச்சை உண்டு

இந்த ஏக்கத்தை ஒரே மாத்திரையில் தீர்க்கும் மருந்து இதுவரை கிடையாது. இதைச் சொல்லிப் பணம் பறிப்பவர்களிடம் ஏமாறாதீர்கள். தூக்கம், சந்தேகம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மனநல மருத்துவர் மருந்து தருவார். ஏக்கத்தை எதிர்கொள்ளும் பயிற்சி, குடும்பத்துக்கான ஆலோசனை, நிறுத்திய ஒவ்வொரு கட்டத்துக்கும் சிறு வெகுமதி தந்து ஊக்குவிப்பது ஆகியவை மாதக்கணக்கில் தொடர வேண்டும். மூளை ஓரளவு மீண்டு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இடையில் ஒரு முறை வழுக்கினால் எல்லாம் போயிற்று என்று கைவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மருத்துவரை மீண்டும் பார்க்கிறோம். இங்கும் அப்படித்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. தமிழ்நாட்டின் மருத்துவ ஆலோசனை எண் 104.

சட்டம் என்ன சொல்கிறது?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, மெத்தம்பெட்டமைனில் 2 கிராம் வரை ‘சிறு அளவு’; 50 கிராமுக்கு மேல் ‘வணிக அளவு’. வணிக அளவு பிடிபட்டால் 10 முதல் 20 ஆண்டுகள் சிறை, ஜாமீன் கிடைப்பதும் அரிது. “இந்தப் பார்சலைக் கொண்டுபோய்க் கொடு, ஆயிரம் ரூபாய் தருகிறேன்” என்பவனின் பேச்சில் எத்தனை ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அதே சட்டத்தின் 64ஏ பிரிவு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர், தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றங்களுக்காக வழக்குத் தொடர்வதிலிருந்து பாதுகாப்புப் பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. போலீஸுக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

“இது மது இல்லையே, புத்தி தெளிவாகத்தானே இருக்கிறது” என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். அறிவைப் பாதுகாப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று என்று நம் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். பெற்ற தாயையே எதிரியாகக் காணவைக்கும் பொருளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெற்றோருக்கு இன்னொன்று. “கல்யாணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான்” என்று நோயை மறைத்து நிக்காஹ் பேசாதீர்கள். நிக்காஹ் மருந்தல்ல. மறைத்துச் செய்தால் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வும் பாழாகும். முதலில் சிகிச்சை, தெளிவு, பிறகு உண்மையைச் சொல்லிச் சம்பந்தம்.

மஹல்லாவாசிகளே, சிகிச்சைக்குப் போய்வரும் பிள்ளையைத் தெருவில் சுட்டிக்காட்டிப் பேசாதீர்கள். ஸஃப்பில் அவனுக்கு இடம் விடுங்கள், வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவமானத்துக்குப் பயந்துதான் பல குடும்பங்கள் கடைசி நேரம்வரை வாய் திறப்பதில்லை. நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு எந்தத் தாயும் தந்தையும் வரலாம். எந்த மருத்துவமனை, எந்த நாள், யாரைப் பார்ப்பது என்று வழிகாட்டுவோம். தேவைப்பட்டால் உடன் வருவோம். நீங்கள் சொல்வது எங்களிடம் அமானிதமாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

இன்றிரவு உங்கள் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பதை மட்டும் கவனியுங்கள். நாளையும், மறுநாளும் கவனியுங்கள். அதற்குக் காசு பணம் தேவையில்லை.

வஸ்ஸலாம்.

செயலாளர்