மட்டனை விட்டா கோழிக் கணக்கு ஏறுது

அசைவத்தைக் குறைக்கணும்னு முடிவு பண்ணினதும் பலரும் முதலில் விடுவது மட்டன். நானும் அப்படித்தான். அந்த இடத்தில் சிக்கன் வந்து உட்கார்ந்தது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஒரு வெள்ளாட்டில் எலும்போடு சுமார் 12 கிலோ கறி தேறும். ஒரு பிராய்லரில் ஒன்றரை கிலோ. ஓர் ஆட்டுக்குப் பதில் 8 கோழி! அதுவும் ஆறு வாரம் மட்டுமே வாழ்ந்தவை.

மீத்தேன்தான் கவலை என்றால் மட்டனை விடுவது சரி. அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் உருவாகும் வாயு அது. உயிர்தான் கவலை என்றால் கோழியும் முட்டையும் முதலில் போகணும். பால், தயிரையும் விட்டுட்டா பி12 மாத்திரை கட்டாயம். ஈரலில் உள்ள சேமிப்பு சில வருஷம் ஓடும் என்பதால் குறைபாடு சத்தமில்லாமல் வரும்.

இப்போ கோழி ஞாயிறு மட்டும். முட்டையைத்தான் இன்னும் விட முடியல.