முதுகில் அடிபட்ட நாயைத் தூக்கி நிறுத்தாதீர்கள்

கே.ஜி.கண்டிகை, திருத்தணி பக்கம் சாலையில் வண்டிகள் பறக்கின்றன. ஆடிக் கிருத்திகை சமயத்தில் கேட்கவே வேண்டாம். அடிபட்டுப் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு கிடக்கும் நாயைச் சுற்றி நாலு பேர் கூடுவார்கள். ஒருவர் அதன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, "நிக்குதா பாருப்பா" என்பார். பாதிக் காரியம் அங்கேயே கெட்டுப்போகிறது. முறிந்த முதுகெலும்பு அசைந்தால், உள்ளே தப்பியிருந்த தண்டுவடமும் நசுங்கிவிடும்.

தூக்கி நிறுத்தாதீர்கள். பழைய கதவுப் பலகையோ பிளைவுட்டோ கொண்டுவந்து, நாயைக் கிடந்த வாக்கிலேயே அதன்மேல் நகர்த்தி, துணியால் கட்டுங்கள். வலியில் வளர்த்தவரையே கடிக்கும்; மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையென்றால் வாயைத் துணியால் தளர்வாகக் கட்டலாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே போவது? 1962 கால்நடை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து கேட்கலாம். அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக ஓடும் வண்டி, அதற்காகக் காத்திருந்து நேரத்தை விடாதீர்கள். முதலில் பக்கத்துக் கால்நடை மருத்துவர். பிறகு, அறுவை தேவைப்படலாம் என்று அவர் சொன்னால், சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எல்லோரும் சென்னையையே நினைக்கிறார்கள். 1960 வரை ஆந்திராவில் இருந்த ஊர் திருத்தணி. இங்கிருந்து திருப்பதிதான் கிட்ட. அங்கும் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. எங்கே போவதாக இருந்தாலும், புறப்படும் முன் போனில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

அதைவிட முக்கியம் ஓ.பி. சீட்டு. "ஊசி போட்டாச்சு, ரெஸ்ட்" என்று மட்டும் கிறுக்கித் தரும் சீட்டுகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அடுத்த மருத்துவர் அதை வைத்து என்ன செய்வார்? அடிபட்ட நேரம், போட்ட மருந்தின் பெயரும் அளவும், பின்னங்காலில் ஆழமான வலி உணர்வு இருக்கிறதா என்பது, இந்த மூன்றையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். மூன்றாவதுதான் நாயின் தலையெழுத்தையே சொல்வது. விரலை இடுக்கியால் அழுத்தும்போது கால் சுருங்கினால் மட்டும் போதாது. அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயலாக இருக்கலாம். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். அந்த உணர்வு போய்விட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியும், நசுங்கிய தண்டுவடம் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்றதும் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

வீட்டில் இருக்கும் டைக்ளோபினாக், இப்யூபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. ஒருவர் ஸ்டீராய்டு போட்டிருக்க, அது தெரியாமல் இன்னொருவர் வலி மருந்து கொடுத்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். சீட்டில் மருந்துப் பெயர் வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகவும்தான்.

முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி, அறுவை இல்லாமல் தேறவேண்டிய நாய்க்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் கூண்டு ஓய்வு சொல்வார்கள். கூண்டு இல்லையென்றால் மூலையில் மறைப்பு வைத்து, திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் இடம் விடுங்கள். மெத்தை வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். சிறுநீர் சொட்டிக்கொண்டிருந்தால், "தானாகப் போகுது" என்று விட்டுவிடுகிறார்கள். பை நிரம்பி வழிவதாகவும் இருக்கலாம். அடிவயிற்றை மெல்ல அழுத்தி எடுக்கும் முறையை மருத்துவரிடமே நேரில் செய்து பழகுங்கள்.

மருத்துவர் சரி என்ற பிறகுதான் நடை. வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து இடுப்பைத் தாங்கியபடி, வழுக்காத தரையில், 5 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை. வாரம் போகப் போகச் சில நிமிடம் கூட்டலாம். கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப்பட்டை போடுங்கள். படி, கட்டில், பைக் எதுவும் கூடாது. நாலு அடி வைத்ததுமே, "சரியாயிடுச்சு" என்று தெருவில் அவிழ்த்து விடுகிறார்கள். நாய் பூனையைத் துரத்துகிறது, மறுபடி விழுகிறது. வலி குறைந்ததால்தான் நடக்கிறது. உள்ளே இன்னும் ஆறவில்லை. அவிழ்த்து விடாதீர்கள்.

வண்டி மோதாமல், யாராவது கட்டையால் வேண்டுமென்றே அடித்து முதுகை முறித்திருந்தால் அது குற்றம். விலங்கைக் கொல்வதற்கோ ஊனமாக்குவதற்கோ பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. காவல் நிலையத்தில், "நாய்க்கெல்லாம் கேஸா?" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். புகாரை எழுதி, ஓ.பி. சீட்டின் நகலையும் போட்டோக்களையும் இணைத்துக் கொடுத்து, ரசீது கேளுங்கள். வழக்குப் பதிய மறுத்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-ஐக் குறிப்பிட்டு, அதே புகாரைத் திருவள்ளூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். அப்போது அந்தத் தபால் ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள்.