உங்களுக்குத் தெரியுமா? பென்ஷன் மனுவுக்குள் ஒரு எள்ளுத்தாத்தா

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்துவிட்டது. அந்தப் போருக்கான கடைசிப் பென்ஷன் எப்போது நின்றது தெரியுமா? 2020 மே 31 அன்று. வட கரோலினாவில் ஐரீன் டிரிப்லெட் என்ற மூதாட்டி 90 வயதில் காலமானார். அதுவரை மாதாமாதம் 73 டாலர் 13 சென்ட் அவருக்கு வந்துகொண்டிருந்தது. அவருடைய அப்பா மோஸ் டிரிப்லெட் அந்தப் போரில் சண்டையிட்டவர். மகள் பிறந்தபோது அப்பாவுக்கு வயது 83, அம்மாவோ அவரைவிட ஏறக்குறைய ஐம்பது வயது இளையவர். தன்னைத் தானே கவனித்துக்கொள்ள இயலாத வாரிசு என்ற பிரிவில் ஐரீனுக்கு அந்தத் தொகை கிடைத்தது. மோஸ் முதலில் சேர்ந்தது, நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் தெற்குப் படையில். அங்கிருந்து ஓடிப்போய் 1864-இல் மத்திய அரசின் வடக்குப் படையில் சேர்ந்தார். மத்திய அரசின் பென்ஷனுக்கு வழி செய்தது அந்த ஓட்டம்தான்!

தாத்தாவைத் தேடுகிறவர்கள்

தன் எள்ளுத்தாத்தா அந்தப் போரில் எந்தப் பக்கம், எந்த ரெஜிமெண்டில் இருந்தார் என்று தேடுவது அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று தொடங்கி பித்தாகிப் போனவர்களும் உண்டு. வீரதீரக் கதைகளைவிட இவர்களுக்கு அதிகம் உதவுவது சம்பளக் கணக்கும் பென்ஷன் மனுவும்தான். பணம் கைமாறிய இடத்தில்தான் காகிதம் மிஞ்சியிருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு ஒரு வருகைப்பதிவு

ரெஜிமெண்டின் உட்பிரிவான ஒவ்வொரு கம்பெனியும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகைப்பட்டியல் எழுதியது. யார் இருக்கிறார், யார் மருத்துவமனையில், யார் ஓடிப்போனார், யாருக்கு எவ்வளவு சம்பளப் பாக்கி என்று எல்லாம் அதில் இருக்கும். போருக்குப் பிறகு பென்ஷன் மனுக்கள் குவிந்தபோது ஒவ்வொரு மனுவுக்கும் அந்தப் பட்டியல்களைப் பிரித்துப் பிரித்துக் காகிதம் கிழியத் தொடங்கியது. ஃபிரெட் எய்ன்ஸ்வர்த் என்ற ராணுவ மருத்துவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டியலில் ஒருவர் பெயர் எங்கெல்லாம் வருகிறதோ, அந்த ஒவ்வொரு வரியையும் தனித்தனி அட்டையில் நகலெடுத்து, ஆளுக்கு ஓர் உறை போட்டு வைப்பது. அந்த உறைகள் இன்று வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் ஆள் எத்தனை அடி உயரம், கண் என்ன நிறம், எங்கே பிறந்தார், படையில் சேருமுன் என்ன தொழில் என்பதுவரை பல உறைகளில் கிடைக்கும். புகைப்படமே இல்லாத ஒரு மூதாதைக்கு இதைவிட நல்ல படம் ஏது?

லிங்கன் சுடப்பட்ட கட்டடத்தில்

அந்த அட்டைகளை எழுதிய குமாஸ்தாக்களில் பலர் உட்கார்ந்து வேலை பார்த்த இடம் ஃபோர்ட் நாடக அரங்கு. 1865-இல் ஆப்ரகாம் லிங்கன் சுடப்பட்ட அதே கட்டடம்தான், அரசு அலுவலகமாக மாறியிருந்தது. 1893 ஜூன் 9 அன்று அடித்தளத்தில் தோண்டிக்கொண்டிருந்தபோது உள்தளங்கள் சரிந்து 22 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் நியூயார்க்கில் புகழ்பெற்ற நடிகர் எட்வின் பூத்துக்கு இறுதிச் சடங்கு. லிங்கனைச் சுட்டவனின் அண்ணன் அவர்!

63 லட்சம் பெயர்கள், அத்தனை வீரர்கள் இல்லை

அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை வைத்திருக்கும் வீரர் பட்டியலில் சுமார் 63 லட்சம் பெயர்கள். இரு தரப்பிலும் சேர்த்துப் போரிட்டவர்கள் அதில் ஏறக்குறைய பாதிதான். ஒரே ஆள் இரண்டு மூன்று ரெஜிமெண்டுகளில் இருந்திருப்பார். ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று அல்லாடிய நமக்கு இது புதிதல்ல. ஜெர்மனியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்களின் பெயரைக் கம்பெனி எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதினார். அதனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடக் கிளம்பினால் வழிதவறத்தான் வேண்டும். மாநிலம், ரெஜிமெண்ட், கம்பெனி மூன்றும் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கடற்படை வீரர்களுக்கு இப்படிப்பட்ட உறை கிடையாது. அவர் எந்தக் கப்பலில் இருந்தார் என்று தெரிந்துகொண்டு அந்தக் கப்பலின் ஆள்பட்டியலைத்தான் புரட்ட வேண்டும்.

புதையல் எங்கே?

பென்ஷன் கோப்பில்! படைப்பதிவு உறையில் பத்து அட்டை இருந்தால், பென்ஷன் கோப்பில் நூறு பக்கம்கூட இருக்கும். 1862-இல் வந்த சட்டம் காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் பென்ஷன் கொடுத்தது. 1890-இல் வந்த சட்டம் இன்னும் தாராளம். 90 நாள் சேவை செய்து கௌரவமாக விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும், இப்போது உடலுழைப்புக்கு முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முடியாமல் போனதற்குப் போர்தான் காரணம் என்று காட்ட வேண்டியதில்லை. 1890-களில் மத்திய அரசின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதற்கே போன ஆண்டுகள் உண்டு. பென்ஷன் வேலைக்கென்றே 1887-இல் வாஷிங்டனில் ஒரு மாளிகை கட்டி முடித்தார்கள். வெளிச்சுவர் முழுவதும் போர்வீரர்கள் அணிவகுத்துப் போகும் சுடுமண் சிற்ப வரிசை. இன்று அது கட்டடக்கலை அருங்காட்சியகம்.

கணவன் இறந்தால் மனைவி மனுப் போடலாம். ஆனால் கல்யாணம் ஆனதை நிரூபிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கல்யாணச் சான்றிதழுக்கு எங்கே போவது? பிறப்பும் இறப்பும் கல்யாணமும் எழுதிவைத்த குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள் பலர். அந்தப் பக்கங்கள் திரும்பிப் போகவில்லை, இன்றும் கோப்பில் இருக்கின்றன. வீட்டில் இருந்திருந்தால் எந்த வெள்ளத்தில் போயிருக்குமோ!

சில கோப்புகளில் இரண்டு மனைவிகள் மனுப் போட்டிருப்பார்கள். ஒருத்தி இந்த ஊரில், இன்னொருத்தி அந்த ஊரில். ஒருத்திக்கு இன்னொருத்தியைத் தெரியாது. அப்போது பென்ஷன் அலுவலகம் விசாரணை அதிகாரியை ஊருக்கே அனுப்பும். அவர் பக்கத்து வீட்டுக்காரர், மருத்துவச்சி, பழைய படைத்தோழர் என்று ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் வாங்குவார். குடித்தாரா, அடித்தாரா, எப்போது வீட்டை விட்டுப் போனார் என்று எல்லாம் பதிவாகிவிடும். குடும்பம் மூன்று தலைமுறையாக மூடி மறைத்ததை அரசாங்கம் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறது. பாட்டி சொன்ன கதையைச் சரிபார்க்கப் போய்ப் பாட்டியின் அத்தைக்கு ஒரு மாற்றாந்தாய் இருந்ததைக் கண்டுபிடிப்பவர்களுக்கு அனுதாபம் சொல்வதா, வாழ்த்துச் சொல்வதா தெரியவில்லை.

தெற்கே வேறு கதை

தோற்ற தெற்குப் படையினருக்கு வாஷிங்டன் பென்ஷன் கொடுக்கவில்லை. பின்னாளில் தென் மாநிலங்கள் தாங்களே கொடுத்தன. அதுவும் போரிட்ட மாநிலம் அல்ல, முதுமையில் எந்த மாநிலத்தில் குடியிருந்தாரோ அந்த மாநிலம். ஜார்ஜியா ரெஜிமெண்டில் இருந்த தாத்தாவின் மனு டெக்ஸஸ் ஆவணக் காப்பகத்தில் கிடைப்பது அதனால்தான்.

1870 என்ற சுவர்

கறுப்பினக் குடும்பங்களின் தேடல் பெரும்பாலும் 1870-இல் முட்டி நின்றுவிடும். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியலில் உரிமையாளர் பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பாலினம், நிறம் மட்டுமே, பெயர் அநேகமாக இருக்காது. தென் மாநிலங்களில் விடுதலை பெற்றவர்களைப் பெயர் சொல்லி எண்ணிய முதல் கணக்கெடுப்பு 1870-இல் வந்ததுதான்.

அந்தச் சுவரில் ஓட்டை போடுவது ராணுவக் கோப்பு. சுமார் 1,79,000 கறுப்பின வீரர்கள் வடக்கின் தரைப்படையில் சேர்ந்தார்கள். மேரிலாந்து, மிசௌரி போன்ற, நாட்டிலிருந்து பிரிந்துபோகாத அடிமை மாநிலங்களில் அடிமை ஒருவர் படையில் சேர்ந்தால், அரசுக்கு விசுவாசமான உரிமையாளர் 300 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். கேட்டவர் தன் பெயரை எழுதி, இவர் எனக்குச் சொந்தமானவர் என்பதற்கு ஆதாரமும் கொடுக்க வேண்டும். மனிதனுக்கு விலை கேட்ட அந்தக் காகிதம் சில சமயம் வீரரின் உறைக்குள்ளேயே கிடக்கிறது. அவருடைய பேரப்பிள்ளைகள் 1870-க்கு முன்னால் போக இருக்கும் மிகச் சில வழிகளில் அதுவும் ஒன்று. கசப்பான வழிதான்.

விடுதலைக்குப் பின் பெயர் மாற்றிக்கொண்டவர்களும் ஏராளம். அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மனின் இரண்டாம் கணவர் நெல்சன் டேவிஸ் படையில் நெல்சன் சார்லஸ் என்ற பெயரில் இருந்தார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபித்து விதவை பென்ஷன் வாங்க டப்மன் அலைய வேண்டியிருந்தது. 1895-இல் கிடைத்தது மாதம் 8 டாலர். அவரே செவிலியாக வேலை பார்த்ததையும் கணக்கில் எடுத்து 1899-இல் 20 ஆக உயர்த்தினார்கள்.

தாத்தா இல்லை!

இல்லினாய் 95-ஆம் ரெஜிமெண்டில் ஆல்பர்ட் கேஷியர் என்று ஒரு குள்ளமான வீரர் இருந்தார். 1862-இல் சேர்ந்து போர் முடியும்வரை சண்டையிட்டார். 1911-இல் கார் மோதிக் கால் முறிந்தபோதுதான் அவர் அயர்லாந்தில் ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்ற பெண்ணாகப் பிறந்தவர் என்று மருத்துவருக்குத் தெரிந்தது. சில ஆண்டுகளில் விஷயம் வெளியே வர, பென்ஷன் அலுவலகம் மோசடியோ என்று விசாரித்தது. பழைய தோழர்கள் அடையாளம் காட்டி, எங்களோடு நின்று போரிட்டவர் இவரேதான் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். பென்ஷன் தொடர்ந்தது. 1915-இல் இறந்தபோது சீருடையிலேயே அடக்கம் செய்தார்கள்.

இது யாருடைய அப்பா?

அடையாள வில்லை இல்லாத காலம். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் ஒரு வீரரின் உடல் கிடைத்தது. பெயர் தெரியவில்லை, கையில் மூன்று குழந்தைகளின் படம். அன்றைய நாளிதழ்களால் புகைப்படத்தை அச்சிட முடியாது. அதனால் மூத்தவனின் சட்டைத் துணி, தங்கையின் உடுப்பு என்று எல்லாவற்றையும் வார்த்தையால் விவரித்து, இது யாருடைய தகப்பன் என்று கேட்டது ஒரு பிலடெல்பியா நாளிதழ். மற்றப் பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன. நியூயார்க் மாநிலத்தில் போர்ட்வில் என்ற ஊரில் ஃபிலிண்டா ஹ்யூமிஸ்டன் அந்த விவரத்தைப் படித்தார். அவர் கணவருக்கு அனுப்பிய படம் அது. சார்ஜண்ட் ஏமஸ் ஹ்யூமிஸ்டனுக்குப் பெயர் கிடைத்தது அப்படித்தான்.

திருட்டுத்தனமாக ஒரு நகல்

ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் ஏறக்குறைய 13,000 வடக்கு வீரர்கள் இறந்தார்கள். சாவுப் பதிவேட்டை எழுதும் வேலை டோரன்ஸ் ஆட்வாட்டர் என்ற இளம் கைதிக்கு. அவர் ரகசியமாக இன்னொரு நகல் எழுதி வெளியே கொண்டுவந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு 1865-இல் அவரும், காணாமல்போன வீரர்களைத் தேடிவந்த கிளாரா பார்ட்டனும் அங்கே போய்க் கல்லறைகளுக்குப் பெயர் போட்டார்கள். பெயர் தெரியாமல் நின்றவை 500-க்கும் குறைவு. அரசு அவருக்குக் கொடுத்த பரிசு என்ன தெரியுமா? பட்டியலைத் திருடினார் என்று ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறையில் போட்டது!

பார்ட்டன் இந்தத் தேடலுக்காக வாஷிங்டனில் ஒரு மாடி அறையில் அலுவலகமே நடத்தினார். வந்த கடிதங்கள் 63,000-க்கு மேல். விவரம் கண்டுபிடித்துக் கொடுத்தது 22,000 பேரைப் பற்றி. அந்த அறை இருந்த இடமே பிறகு மறந்துபோய், 1996-இல் இடிக்கவிருந்த கட்டடத்தில் தற்செயலாகக் கிடைத்தது.

பழைய படத்தைத் திருப்பிப் பாருங்கள்

அட்டையில் ஒட்டிய புகைப்படத்தின் பின்புறம் வரி முத்திரைத்தலை இருந்தால் அது 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்ட் 1-க்கும் இடையில் விற்கப்பட்ட படம். போர்ச் செலவுக்காகப் புகைப்படத்துக்கும் வரி போட்டார்கள்.

கல்லறையிலும் குறிப்பு உண்டு. அரசு கொடுத்த கல்லின் தலை வளைவாக இருந்து, நடுவில் கேடயம் செதுக்கியிருந்தால் வடக்கு. கூம்பாக இருந்தால் தெற்கு. வடக்கத்தியான் மேலே உட்காரக் கூடாது என்றுதான் கூம்பு வைத்தார்களாம், தெற்கே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கதை நிஜமானால்...

ஜார்ஜ் டிக்ஸன் என்ற தெற்குப் படைவீரரை 1862-இல் ஷைலோ போரில் சுட்டபோது, குண்டு அவர் கால்சட்டைப் பையில் இருந்த 20 டாலர் தங்கக் காசில் பட்டு உயிர் தப்பினார் என்று ஒரு கதை. நம்பும்படியாகவா இருக்கிறது? 1864-இல் அவர் ஹன்லி நீர்மூழ்கிக் கப்பலோடு சார்ல்ஸ்டன் அருகே மூழ்கினார். 2000-இல் கப்பலை எடுத்தார்கள். 2001-இல் அவர் எலும்புகளோடு கிடைத்தது வளைந்த தங்கக் காசு. ஒரு பக்கத்தைத் தேய்த்து, ஷைலோ என்றும் தேதியும், தன் உயிரைக் காத்தது என்றும் பொறித்து, தன் பெயரின் முதலெழுத்துகளையும் போட்டு வைத்திருந்தார்.

...பொய்யானால்

1959-இல் டெக்ஸஸில் வால்ட்டர் வில்லியம்ஸ் என்பவர் இறந்தார். வயது 117 என்றார்கள். உள்நாட்டுப் போரின் கடைசி வீரர் என்று நாடே துக்கம் அனுசரித்தது. தெற்குப் படைவீரர் என்று மாநிலப் பென்ஷனும் வாங்கிவந்தவர். 1860-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மிசிசிப்பியில் அவர் குடும்பம் பதிவாகியிருக்கிறது. அதில் அவருக்கு வயது 5.