கொல்லை வெங்காயம் அழுகாமலிருக்க

வெங்காயம் என்று தமிழ் பேசுவோரும், உல்லிபாய என்று தெலுங்கு பேசுவோரும் அழைக்கும் இப்பொருள் சேராத சமையல் திருத்தணி வட்டாரத்தில் அரிது. ஆயினும், நிலமும் கிணறும் உடையவர்களிலும் இதனை விலைக்கு வாங்குவோர் பலர். 2019-ஆம் வருஷத்தில் மகாராஷ்டிரத்துப் பெரிய வெங்காயப் பயிர் மிகு மழையால் சேதமுற்றது. செப்டம்பரில் இந்திய அரசாங்கம் ஏற்றுமதியைத் தடுத்தும், டிசம்பரில் பல ஊர்களில் விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது.

கொல்லையில் சின்ன வெங்காயம் பயிரிட்டுப் பார்த்துக் கைவிட்டவர்களும் உண்டு. அது விளையாமையன்று; விளைந்தது சில வாரங்களில் அழுகுவதே காரணம். இப்பயிருக்கு உண்ணும் காயே பெரும்பாலும் விதையுமாதலின், அழுகினால் அடுத்த போகத்தின் விதையும் உடன் போகிறது. இதற்கு மூலம் ஜலத்தை நிறுத்தவேண்டிய காலத்தில் நிறுத்தாமையே.

பருவம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை முதலில் நடுவது நலம். பயிர் 70 முதல் 90 நாட்களில் முற்றுவதால், அறுவடை பங்குனி வெயிலில் அமைந்து காய் நன்கு உலரும்.

நடவு: ஜலம் தேங்காத இடத்தைக் கொத்தி, மக்கிய தொழுவுரமிட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பார் பிடித்து, பாரின் இரு பக்கமும் 4 அங்குல இடைவெளியில் காய்களை நடவேண்டும். பத்தடிச் சதுரத்திற்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ விதைக்காய் போதும். நன்கு பேணினால் 10 கிலோ வரை எதிர்பார்க்கலாம்.

பராமரிப்பு: வேர் ஆழம் செல்லாதாகையால் சிறுகச் சிறுகப் பாய்ச்சி, களையைக் கையால் பிடுங்குக. தாளில் வெள்ளிக் கோடுகள் தோன்றினால் அது இலைப்பேன். 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லிட்டர் ஜலத்தில் இரவு ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். காய் பருக்கும் தறுவாயில் யூரியா இடலாகாது. இட்டால் கழுத்துத் தடித்து உலராது.

அறுவடை: தாள் மஞ்சளித்துச் சாயத் தொடங்கியதும் பாய்ச்சலை அறவே நிறுத்தி, சுமார் பத்து நாள் கழித்துப் பிடுங்குக. காய் சற்றுச் சிறுக்குமென்று அஞ்சிக் கடைசிவரை பாய்ச்சுவோர், கனத்தைப் பெற்றுக் காயை இழக்கின்றனர். ஈரமான கழுத்தே அழுகற் பூசணம் நுழையும் வாயில். பிடுங்கியவற்றை, ஒன்றின் தாள் மற்றொன்றின் காயை மூடுமாறு நிலத்தில் மூன்று நாள் பரப்பி, பின் நிழலில் கழுத்துச் சுருங்கும்வரை உலர்த்துக.

சேமிப்பு: சிறு பிடிகளாகக் கட்டிக் காற்றோடும் தாழ்வாரத்தில் தொங்கவிடலாம். சாக்கில் கட்டி மூலையில் போடலாகாது. பெரம்பலூர்ப் பக்கத்தில் தரைக்குமேல் உயர்த்தி அமைக்கும் வெங்காயப் பட்டறையும், அடியிலும் பக்கத்திலும் காற்றுப் புகவேண்டும் என்ற இதே நியாயத்தைக் கொண்டது. வாரம் ஒருமுறை அழுகியதைப் பொறுக்கி விலக்குக.

கிராம உத்தியோகஸ்தர்கள் தத்தம் கொல்லையில் ஒரு பாத்தியேனும் இம்முறைப்படி பயிரிட்டுக் காட்டுவார்களாயின், அயலார் கண்ணால் கண்டு பின்பற்றுவர்.