அறுப்பது வாளல்ல

பாறையைப் பலகையாக்கும் ராட்சத ரம்பத்துக்குப் பல் கிடையாது. ஆனால் அதனிடம் அஜாக்கிரதையாக இருப்பவர்களை அது சும்மா விடுவதில்லை.

ஆந்திரம், கர்நாடகம், தமிழகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலையில், சித்தூர் மாவட்டத்தின் குப்பம் வட்டாரத்தில் இருக்கிறது சாந்திபுரம். காதில் தெலுங்கோடு தமிழும் கன்னடமும் கலந்து விழும் ஊர்ப்புறம். 1997ல் திராவிடப் பல்கலைக்கழகத்தைக் குப்பத்தில் நிறுவியது பொருத்தம்தான். 2022ல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்து போனபோதும் இந்தப் பகுதி சித்தூரோடேயே தங்கிவிட்டது. மாவட்டக் கணக்கெல்லாம் கட்டட வியாபாரிகளுக்கு அவசியமில்லை. அவர்களுக்குத் தெரிந்த குப்பம் ஒரு ஊரே அல்ல. 'குப்பம் கிரீன்' என்ற பச்சை நிற கிரானைட்.

குவாரியிலிருந்து லாரியில் ஏறும் கல்லை 'பிளாக்' என்கிறார்கள். 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம், 1.5 மீட்டர் அகலம் என்று ஒரு பிளாக்கை வைத்துக்கொண்டால் எடை சுமார் 22 டன். அதை 2 சென்டிமீட்டர் கனமுள்ள பலகைகளாகச் சீவ வேண்டும். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரை அடுத்த ஜிகனி என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளர்ந்த கல் அறுக்கும் ஆலைகளில் அந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவந்தது 'கேங் சா' என்னும் இயந்திரம்.

பார்த்தால் எளிமையான சங்கதி. இரும்புச் சட்டத்தில் பல டஜன் எஃகுப் பட்டைகள் வரிசையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மோட்டார் ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்ற, சக்கரத்தோடு பிணைந்த தண்டு சட்டத்தை முன்னும் பின்னும் ஊஞ்சல்போல ஆட்டும். பட்டைகளுக்குப் பல்லே இல்லை. தண்ணீர், சுண்ணாம்பு, பொடி எஃகு மணிகள் மூன்றும் கலந்த குழம்பு மேலிருந்து மழையாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். பட்டை அழுத்த, மணிகள் உருண்டு கல்லை நொறுக்க, வழி பிறக்கிறது. மணிக்குச் சில சென்டிமீட்டர்தான் இறங்கும். ஒரு பிளாக்கை முடிக்க இரவு பகலாக இரண்டு மூன்று நாள் ஓட வேண்டும்.

அறுப்பது இரும்பு என்று தோன்றினாலும் உண்மையில் அறுப்பது மணல்தான் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவிட்டார். துருக்கியின் ஹையராபொலிஸ் நகரில் மூன்றாம் நூற்றாண்டுக் கல்சவப்பெட்டி ஒன்றில், தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் இரட்டைக் கல் ரம்பம் செதுக்கப்பட்டிருக்கிறது. சுழற்சியை முன்பின் ஓட்டமாக மாற்றும் தண்டு அதிலேயே இருக்கிறது. மோட்டாரும் எஃகும் மாறினவே தவிர, தத்துவம் அப்படியேதான்.

மாறாத இன்னொன்று, ரம்பத்தைச் சரிசெய்யும் வேலையின் நுணுக்கம். பட்டைகள் எல்லாம் ஒரே விறைப்பில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் அது கல்லுக்குள் வழி தவறி வளையும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் பலகை வரும். அளவுக்கு மீறி இழுத்தாலோ பட்டை அறும். விறைப்பில் நிற்கும் பட்டை அறும்போது அந்தச் சக்தியெல்லாம் ஒரே நொடியில் விடுபடும். அதனால்தான் டென்ஷன் ஏற்றும்போது பட்டையின் நேர்முனையில் யாரும் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நின்றே வேலை பார்க்க வேண்டும் என்பது பட்டறையின் பாலபாடம்.

அடுத்தது இறக்கும் வேகம். முதல் சில சென்டிமீட்டர் பொறுமையாக இறக்க வேண்டும். பட்டை கல்லில் பள்ளம் பதித்துக்கொண்ட பிறகே வேகம் கூட்டலாம். முதலாளி அவசரப்படுத்துகிறார் என்று ஆரம்பத்திலேயே அமுக்கினால், கோணல் அடிவரை போகும். குழம்பின் பதமும் முக்கியம். நீர்த்துப்போனால் மணிகள் தங்காமல் அடியில் படியும். கெட்டியானால் பட்டைக்குக் கீழே போய்ச் சேராது. சுண்ணாம்பு இரண்டு வேலை செய்கிறது: மணிகளை மிதக்க வைக்கிறது, துருவையும் தடுக்கிறது. போதாக்குறைக்கு மூன்றாவதாகத் தோலையும் கண்ணையும் அரிக்கிறது. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் ஆடம்பரம் அல்ல.

உயிரைக் குடிக்கும் ஆபத்து, இவை எல்லாம் முடிந்த பின்புதான் காத்திருக்கிறது. அறுபட்ட பலகைகள் சீட்டுக்கட்டுபோல டிராலியில் செங்குத்தாக நிற்கும். 3 மீட்டருக்கு 1.8 மீட்டர் பலகை ஒன்றே கிட்டத்தட்ட 290 கிலோ. அறுப்பு அடியைத் தொடுவதற்கு முன்பே மேலே இடைவெளிகளில் ஆப்புகளைச் செருகிப் பலகைகளை அசையாமல் பிடித்துவிட வேண்டும். செருகாவிட்டால் ஒன்று சாய, அடுத்தது சாய, நடுவில் நிற்பவர் தப்ப முடியாது. சரியும் கல்லைக் கையால் தாங்கிப் பிடிக்க நினைப்பது மனித இயல்பு. அந்த இயல்பை அடக்கி விலகி ஓடச் சொல்லித் தருவதுதான் உண்மையான பயிற்சி.

இயந்திரத்தை நிறுத்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சுவிட்சை அணைத்ததும் கனத்த சக்கரம் நின்றுவிடாது. தன் வேகத்தில் சுற்றியே ஓயும். அது முழுக்க ஓய்ந்து, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, சாவியை உள்ளே இறங்குபவரே இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் பட்டையில் கை வைக்கலாம். 1948ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இத்தகைய சக்கரங்களுக்கு வேலி கட்டாயம் என்றது. ஓடும் இயந்திரத்தருகே எண்ணெய் விடுபவர் பயிற்சி பெற்றவராக, இறுக்கமான உடை அணிந்தவராக இருக்க வேண்டும் என்றும், உடையை முதலாளியே தர வேண்டும் என்றும் எழுதி வைத்தது. லுங்கியும் தோளில் துண்டுமாக வேலை செய்வது சகஜமான நாட்டில் அது தீர்க்கதரிசனமான வரி. 2025 நவம்பர் 21ல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதே முன்பின் ஓட்டம்தான் பிளம்பர்களும் கட்டட வேலையாட்களும் வைத்திருக்கும் கையடக்க மின் ரம்பத்திலும். மூக்கில் உள்ள இரும்புத் தட்டைப் பொருள்மீது அழுந்த வைத்துப் பிடித்தால் கருவி அடங்கி நடக்கும். தட்டு விலகினால் துள்ளிப் பின்னுக்கு உதைக்கும். பிளேடு, அறுக்கும் குழாயின் தடிமனைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் முனை முட்டி வளையும். இரும்புக்கு நெருக்கமான பல்லும் மெதுவான வேகமும், மரத்துக்கு அகலமான பல்லும் கூடுதல் வேகமும். பிளேடு மாற்றும் முன் பிளக்கையோ பேட்டரியையோ கழற்றுவதில் சோம்பல் கூடாது. சுவரை அறுப்பதானால் உள்ளே மின் ஒயர் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல் தொழிலில் கண்ணுக்குத் தெரியும் ஆபத்தைவிடத் தெரியாதது கொடியது. கேங் சா தண்ணீரில் ஓடுவதால் தூசி அடங்கிவிடுகிறது. ஆனால் ஓரம் தேய்க்கவும் அடுப்பு மேடைக்குத் துளை போடவும் சின்ன கிரைண்டரை உலர்ந்த கல்லில் வைக்கும்போது எழும் வெண்புகை சிலிக்கா தூள். நுரையீரலின் ஆழத்தில் படியும் அது சிலிகோசிஸ் நோயைத் தருகிறது. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றும்; குணமாக்க மருந்தில்லை. காசநோய் என்று தவறாக முத்திரை குத்தி மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. கல் தொழில் மலிந்த ராஜஸ்தான் 2019ல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும் அறிவித்தது. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடையே செய்துவிட்டது. கிரைண்டர் பிளேடின்மேல் ஒரு தண்ணீர்க் குழாயைச் சொட்டவிட ஆகும் செலவோ சொற்பம்.

பெரிய ஆலைகளில் கேங் சாவின் இடத்தை வைரமணி கோத்த கம்பிகள் பிடித்துவருகின்றன. பல கம்பிகள் ஒரே நேரத்தில் சுழன்று, நாள்கணக்கில் ஆன வேலையை மணிக்கணக்கில் முடிக்கின்றன. எஃகு மணிக் குழம்பு மிச்சம், சத்தமும் குறைவு. ஆனால் கம்பி அறுந்தால் மணிகள் துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். குவாரியில் வைரக் கம்பியைத் திறந்த வெளியில் ஓட்டும்போது, கம்பி போகும் தளத்தின் நேர்க்கோட்டில் முன்னேயோ பின்னேயோ ஒருவரும் இருக்கக் கூடாது. ஆலையில் மூடிய கூண்டு அந்தக் காவலைச் செய்கிறது. கூண்டுக் கதவு திறந்தால் இயந்திரம் நிற்கும்படி சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அந்த சுவிட்சைக் கம்பித் துண்டால் கட்டி ஏமாற்றாத ஆலையாகப் பார்த்து வேலைக்குச் சேர்வது உத்தமம்.