திண்ணைக்கு வந்த மாத்திரை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய தலம். அந்தப் பதிகத்தை ஓதினால் நோய் தீரும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. ஆனால் ரத்தக் கொதிப்புக்குப் பதிகத்தோடு மாத்திரையும் வேண்டுமே!

இத்தகைய கிராமத்தில் ஒரு பாட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். மாத்திரை தீர்ந்தால் பஸ் ஏறி ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். துணைக்குப் பேரன் வரவில்லையென்றால் மாத்திரையும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதும் ஏற்பாடு தலைகீழாயிற்று. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் மாத்திரையோடு வீட்டுக்கே வந்தார். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது.

சந்தோஷந்தான். ஆனாலும் அந்தப் பழைய வரிசைக்கு ஒரு குணம் உண்டு, கவனித்தீர்களா? ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் பார்ப்பார். "கால் ஏன் வீங்கியிருக்கு?" என்று கேட்பார். திண்ணையில் மாத்திரை வாங்கும் பாட்டியை யார் கேட்பது? தன்னார்வலர்தான். மருந்தை மாற்றும் அதிகாரமோ அவருக்கில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வழியாக டாக்டருக்குச் சேதி போயாக வேண்டும். பல வருஷமாகத் தெருத் தெருவாக நடந்த செவிலியர், "இவள் யார் புதிதாக?" என்று முகம் சுளித்தாலும், புதியவர் பயந்து வாய் மூடினாலும், ஏறிய கொதிப்புக்கு அதே பழைய மாத்திரைதான் மாதாமாதம் வரும்!

உங்கள் வீட்டுக்கு அந்த அம்மாள் வந்தால், வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாதீர்கள். ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வைத்து, தலைசுற்றலையும் கால் எரிச்சலையும் சொல்லுங்கள். டாக்டரிடம் சொன்னாரா என்று அடுத்த மாதம் கேளுங்கள்.