18ஏ பேருந்தின் மாடிப்படி

தாம்பரத்துக்கும் பிராட்வேக்கும் இடையே 18ஏ தடத்தில் முன்பு மாடிப் பேருந்து ஓடியது. மேல்தளத்தின் முன் இருக்கைக்காகச் சிறுவர்கள் முண்டியடிப்பார்கள். நடத்துநருக்கோ அந்த மாடிப்படி அன்றாட வேலை. படியேறும் வேலை உயிர் காக்கும் என்பதை லண்டன் மாடிப் பேருந்துகள்தான் உலகுக்குக் காட்டின.

ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் குழுவினருடன் சேர்ந்து 1953-இல் 'லான்செட்' இதழில் அந்தப் பேருந்துகளின் ஊழியர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் வேலைநாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறுகிறார். இதய நோய் ஓட்டுநர்களுக்கே அதிகம். குண்டானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்குப் போகிறார்களோ? அந்தச் சந்தேகம் மாரிஸுக்கும் வந்தது. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களுக்கு இளவயதிலேயே இடுப்பு சற்றுப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால், ஒல்லியான ஓட்டுநர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்று பின்னர் தெரிந்தது.

சென்னையில் நடத்துநரும் பெரும்பாலும் பின்வாசல் அருகே உட்கார்ந்துதான் டிக்கெட் கொடுக்கிறார். காசு கைமாறி அவரிடம் வந்து சேர்கிறது. இருவரின் தொடைத் தசைகளும் மணிக்கணக்கில் சும்மா கிடக்கின்றன. சாப்பிட்ட சோறு ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும்போது, அதை வாங்கிச் செலவழிக்க வேண்டியவை அந்தப் பெரிய தசைகள்தான். கொழுப்பை உடைக்கும் நொதியும் அங்கே மந்தமாகிவிடுகிறது. கெண்டைக்கால் சுருங்கி விரிந்தால்தான் கால் ரத்தம் தடையின்றி மேலேறும். சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் தையல் எந்திரத்தின் முன்னும், சிறுசேரியில் கணினியின் முன்னும் இருப்பவர்களின் உடம்பிலும் நடப்பது இதேதான். 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அதற்கு நாற்காலி மட்டுமே காரணமல்ல; ஆனால் சர்க்கரை உள்ள உடம்புக்கு நாற்காலி கூடுதல் சுமை.

20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மெதுவாக நடந்தாலே, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்று 2012-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கண்டது. 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டிய 2016 ஆய்வு, தினமும் 60 முதல் 75 நிமிட மிதமான உடற்பயிற்சி நீண்ட நேரம் உட்காருவதன் ஆபத்தைப் பெருமளவு ஈடுகட்டும் என்றது.

கணினிக்காரர் நினைத்தால் தண்ணீர் பிடிக்க எழுந்துவிடலாம். தையல் வரிசையில் இருப்பவர் எழுந்தால் துணி தேங்கும். ஓட்டுநரோ நடுச்சாலையில் எழவே முடியாது. ஒரு நடை முடிந்து தாம்பரத்தில் இறங்கி, டீக்கடை வரை போய் வரும் பத்து நிமிடம்தான் அவருக்குக் கிடைக்கும் மருந்து. ஜிஎஸ்டி சாலை நெரிசலில் வண்டி தாமதமானால் முதலில் பறிபோவதும் அதுதான். கால அட்டவணை போடுபவர்கள் அந்தப் பத்து நிமிடத்தைத் தொடாமல் வைக்க வேண்டும்.